தனிப்பனையும் தவறணையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து கிளம்பும் பருத்தித்துறை வீதி நல்லூர்க் கோயிலைத் தொட்டுக்கொண்டு, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. வாழையும் வெங்காயப் பாத்தியுமாகக் கிடக்கும் இந்தப் பக்கத்தில் பனை வேலியோரத்தில் எல்லைக்கு நிற்கிற மரம். அச்சுவேலியைத் தாண்டி வல்லை வெளிக்கு வந்ததும் நிலம் சட்டென்று மாறிவிடும். இருபுறமும் உவர்மண், தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி, முகத்தில் வந்து மோதும் உப்புக்காற்று. அதைக் கடந்து வடமராட்சிக்குள் நுழைந்து கடலோரமாகத் திரும்பினால் மணல் நிலத்தில் பனை கூட்டங்கூட்டமாக நிற்கிறது. பங்குனி வெயிலில் வேறெதுவும் பசுமையாக இல்லாத இடத்தில் அதன் உச்சி மட்டும் கறுத்த பச்சையில் சலசலத்துக்கொண்டிருந்தது.

நான் போனது திக்கத்துக்கு. வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் கடலை ஒட்டிய சிற்றூர் அது. பனங்கள்ளை வடித்துச் சாராயம் எடுக்கும் வடிசாலை இருக்கிற ஊர் என்றுதான் வெளியூர்க்காரருக்கு அதைத் தெரியும். பள்ளிக்கூடக் காலத்தில் திக்கத்துச் சாராயம் என்ற பேச்சைப் பெரியவர்களின் திண்ணையில் கேட்டிருக்கிறேனே தவிர, அந்த ஊரை நின்று பார்த்ததில்லை. இந்தமுறை பார்க்க வேண்டும் என்று வந்ததற்குக் காரணம் ஸ்கொட்லாந்து.

பல ஆண்டுகளாக நான் வசிப்பது கிளாஸ்கோவில். அங்கே விஸ்கிக் கடைக்குள் போனால் போத்தல்களை வாசிக்கவே ஒரு பகல் வேண்டும். ஒவ்வொரு போத்தலும் ஓர் ஊரின் கதையைச் சொல்கிறது. நகரத்தில் 1948இல் தொடங்கிய டக்ளஸ் லெயிங் என்ற நிறுவனம் 'தி கோல்ட்ரன்ஸ்' என்ற பெயரில் ஒரு விஸ்கியை விற்கிறது. மேற்குக் கரையில் இருக்கும் காம்பல்டவுன் என்ற சிறு துறைமுக ஊரின் வெவ்வேறு மோல்ட் விஸ்கிகளைக் கலந்து செய்தது. பெயர்கூட அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள, புயல் அடிக்கும் ஒரு குடாவின் பெயர். ஒரு காலத்தில் காம்பல்டவுனில் முப்பதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருந்தன. 1930களின் நடுப்பகுதியில் இரண்டே மிஞ்சின. 2004இல் கிளென்கைல் மறுபடி திறந்த பிறகு ஸ்பிரிங்பாங்க், கிளென் ஸ்கோஷியா, கிளென்கைல் என்று மூன்று ஆயின. அழிந்துபோன அத்தனை வடிசாலைகளின் நினைவையும் சேர்த்துத்தான் அந்தப் போத்தல் விற்கப்படுகிறது. வாங்குகிறவர் ஓர் ஊரின் வரலாற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

இவ்வகை விஸ்கியைப் பிளென்டட் மோல்ட் என்பார்கள். 2009இல் பிரித்தானியா கொண்டுவந்த ஸ்கொட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் இதற்கு இறுக்கமான வரையறை வைத்திருக்கின்றன. இரண்டோ அதற்கு மேற்பட்டோ வடிசாலைகளின் சிங்கிள் மோல்ட்டுகள் மட்டுமே சேரலாம். வேறு தானிய விஸ்கி ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. ஸ்கொட்லாந்திலேயே வடித்து, 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் அங்கேயே முதிர வைக்க வேண்டும். போத்தலில் மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த விதிகளை மீறி உலகில் எவர் ஸ்கொட்ச் என்று பெயர் வைத்தாலும் வழக்குப் போட ஆள் இருக்கிறது.

இதையெல்லாம் வாசித்து வாசித்து, எங்களிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி எனக்குள் ஊறிப்போய்விட்டது. பனை இருக்கிறது. கள் இருக்கிறது. வடிசாலை இருக்கிறது. வரலாறு வேண்டுமென்றால் அள்ளிக் கொடுக்கலாம். அந்த வரலாறு போத்தலுக்குள் போகாமல் எங்கே நிற்கிறது என்று தேடித்தான் வடமராட்சிக்கு வந்தேன்.

*

கள் விற்கும் தவறணைக்குப் போவதற்கு முன் மரத்தடிக்குப் போக வேண்டும் என்று என்னை அழைத்துப்போன உறவினர் சொன்னார். காலை ஆறு மணிக்கு ஒரு வளவுக்குள் போனோம். சீவல் தொழிலாளி ஒருவர் அப்போதுதான் இரண்டாவது மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கால்களைப் பிணைத்த தளநார், இடுப்பில் கத்திக்கூடு, அதற்குப் பக்கத்தில் தொங்கும் முட்டி. மார்பிலும் முன்னங்கைகளின் உட்புறத்திலும் தோல் மரப்பட்டை போலத் தடித்திருந்தது. ஆயுள் முழுக்க மரத்தை அணைத்து ஏறி வந்த உடம்பு.

"பாளை பாக்கவோ தம்பி வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணை. எத்தினை மரம் பாக்கிறியள்?"

"முந்தி கன மரம். இப்ப ஏலுமான அளவுதான். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஏற வேணும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காஞ்சு போகும். பிறகு அந்த மரம் அந்த முறைக்கு இல்லை."

சொல்லிக்கொண்டே பாளைக்கத்தியைப் பலகையில் தீட்டினார். வெண்கல் பொடியைத் தூவி, கத்தியைப் படுக்கப் போட்டு, முன்னும் பின்னுமாக. அந்தக் கத்தியின் கூர்மையில்தான் முழுத் தொழிலும் நிற்கிறது. பாளையின் நுனியிலிருந்து தாள் கனத்துக்கு ஒரு வில்லையை மட்டும் சீவ வேண்டும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மொட்டைக் கத்தியால் நசுக்கினால் நீர் வராது. சீவுவதற்கு முன் பாளையைப் பல நாள் பொல்லால் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். ஆண்பனைப் பாளைக்கு ஒரு பக்குவம், பெண்பனைப் பாளைக்கு வேறொரு பக்குவம். இதை எழுதி வைத்துப் படிக்க முடியாது, மரத்தின் உச்சியில் நின்றுதான் கை பழக வேண்டும் என்றார்.

இறக்கிய முட்டியைச் சரித்துப் பிளாவில் ஊற்றித் தந்தார். பிளா என்பது பனங்குருத்தோலையை மடித்துக் கோலியது. இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பால்போல வெண்மை, மேலே சிறு நுரை, உள்ளே இன்னும் இனிப்பு மாறாத மெல்லிய புளிப்பு, ஓலையின் பச்சை மணம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் இதே நீர் புளிக்காமல் கருப்பநீராக இறங்கியிருக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாத முட்டியில் காற்றிலும் முட்டியின் சுவரிலும் இருக்கும் மதுவம் தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பாளையிலிருந்து சொட்டும்போதே கள்ளாகிறது.

"இது தனிப்பனைக் கள்ளு," என்றார். "அங்கால நிக்கிற மரத்தைக் குடிச்சுப் பாருங்கோ, வேற மாதிரி இருக்கும்."

உண்மையிலேயே வேறு மாதிரி இருந்தது. பக்கத்துப் பக்கத்து மரம்தான். இரண்டாவதில் இனிப்புக் குறைவு, கடைசியில் ஒரு துவர்ப்பு. யாழ்ப்பாணத்தில் தனிப்பனைக் கள்ளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. உடம்புக்கு நல்லதென்று குறிப்பிட்ட ஒரே மரத்தின் கள்ளைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். ஸ்பிரிங்பாங்க் வாசலில் வரிசையில் நிற்கிற விஸ்கிப் பிரியர் தேடுவதும் இதைத்தான். ஓர் இடம், ஒரு கை, கலப்பில்லாத ஒரு சுவை. தவறணைக்குப் போனால் பல வளவுகளின், பல மரங்களின் கள் ஒரே பீப்பாயில் சேர்ந்திருக்கும். எந்தக் கள்ளை எதோடு எவ்வளவு சேர்த்தால் புளிப்பும் இனிப்பும் சரியாக நிற்கும் என்று பார்த்துச் சேர்க்கிற ஆளும் அங்கே இருப்பார். பிளென்டட் மோல்ட் செய்கிற ஸ்கொட்லாந்துக்காரரின் வேலையும் அதுவே. அவருக்குச் சம்பளமும் பட்டமும் உண்டு. எங்கள் தவறணைக்காரரின் நாக்குக்கு ஒரு பெயர்கூட இல்லை.

சீவல் தொழிலாளியின் மகன் பிரான்ஸில் இருக்கிறாராம். "அவன் மரம் ஏற மாட்டான். நானும் ஏறச் சொல்ல மாட்டன்," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

*

திக்கத்துக் கடைத்தெருவில் தேநீர்க் கடை வாங்கிலில் ஒரு பெரியவர் இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் கள் அளந்து வாங்கியவர் என்று உறவினர் அறிமுகப்படுத்தினார். வடிசாலை இருக்கும் திசையைக் கையால் காட்டிவிட்டு, ஏன் அது இங்கே வந்தது என்று விளக்கத் தொடங்கினார்.

பனை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் சுரப்பதில்லை. தை பிறந்த பிறகு பாளை வரத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் பெருகும். பிறகு மெல்லக் குறையும். பெருகும் காலத்தில் தவறணைகளில் குடிக்க ஆள் போதாது. கள் காத்திருக்காது. காலையில் இறக்கியது மறுநாள் கடந்தால் காடியாகிவிடும். முன்பு அந்த மிச்சக் கள்ளை நிலத்தில் ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி ஊற்றப்பட்டது ஒரு குடும்பத்தின் இரண்டு நேர ஏற்றம். மிச்சத்தை வடித்தால் அது கெடாத பொருளாகிறது, தொழிலாளிக்குப் பருவத்தின் உச்சத்திலும் விலை விழாமல் நிற்கிறது. வடிசாலையின் கணக்கு இவ்வளவுதான்.

கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து வீதம் அளவில் இருக்கும். 40 வீதச் சாராயம் ஒரு லீற்றர் எடுக்க வேண்டுமென்றால், ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும், எட்டு லீற்றர் கள் வேண்டும். 78 பாகையில் மதுசாரம் ஆவியாகிறது, நீர் பின்தங்குகிறது, ஆவியைக் குளிர்த்தினால் சாராயம் சொட்டுகிறது. இந்தப் பொறிமுறை ஸ்கொட்லாந்துக்கும் திக்கத்துக்கும் ஒன்றுதான்.

பெரியவர் பேசப் பேச எனக்கு ஒரு வேறுபாடு உறைத்தது. விஸ்கி செய்கிற வாற்கோதுமையைச் சாக்கில் கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். கப்பலேற்றலாம். வடிப்பதும் முதிர்வதும் ஸ்கொட்லாந்தில் நடக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற விதி, தானியம் அங்கேயே விளைந்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. வேறு நாட்டு வாற்கோதுமையிலும் ஸ்கொட்ச் வடிக்கலாம், வடிக்கிறார்கள். பனங்கள்ளை அப்படி எங்கும் கொண்டுபோக முடியாது. பனை நிற்கிற இடத்திலேயே, இறக்கிய அன்றே பார்க்க வேண்டும். அதாவது மண்ணோடு உள்ள உறவில் எங்கள் சாராயம் ஸ்கொட்சைவிட ஒரு படி மேல். அவர்களுக்குச் சட்டம் கட்டிக் கொடுத்த உறவை எங்களுக்குப் பனையே கட்டி வைத்திருக்கிறது. இருந்தும் அவர்களுடைய போத்தலில் ஊர் இருக்கிறது, எங்களுடையதில் ஊரைத் தேட வேண்டியிருக்கிறது.

*

தேடினால் கிடைக்கிற வரலாறு எளிதானதல்ல. 1619இல் நல்லூர் அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறிய முக்கியமான சரக்கு. வளையும் சலாகையுமாக வெட்டி அனுப்பினார்கள். 1850இல் கொழும்பில் வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றி மட்டுமே ஒரு நூல் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 என்று 'தாலவிலாசம்' என்ற தமிழ்ச் செய்யுள் நூல் எண்ணிக் காட்டுவதை உலகுக்குச் சொன்னது அந்த நூல்தான். அந்த 801இல் கள்ளும் ஒன்று. ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு எட்டியது பெரும்பாலும் அந்த ஒன்றுதான், ஏனென்றால் வரி அதில்தான் இருந்தது.

கள்ளையும் சாராயத்தையும் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணம் வாங்குவது காலனி அரசுகளின் பெரிய வருவாய். தெற்கில் தென்னஞ்சாராயக் குத்தகையில் பெருமுதலாளிகள் உருவானார்கள். குமாரி ஜயவர்த்தன அந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். வடக்கில் பனையிலிருந்து அப்படி ஒரு மாளிகை எழவில்லை. மரம் ஒருவருடையது, ஏறுகிறவர் வேறொருவர், குத்தகை மூன்றாமவருடையது. ஏறுகிறவர் கையில் தங்கியது மிகக் குறைவு.

அவர் சாதியால் ஒடுக்கப்பட்டவர் என்பதையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. அவர் இறக்கிய கள்ளைக் குடித்தவர்கள் அவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். தேநீர்க் கடையில் அவருக்கு வேறு குவளை வைத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. இந்தப் போராட்டங்களில் நின்றவர்களில் பனையேறும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் ஏராளம். 1970களில் சீவல் தொழிலாளரே உறுப்பினரான கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகித் தவறணைகள் அவற்றின் கைக்கு வந்தது அந்த எழுச்சியோடு சேர்த்து வாசிக்க வேண்டிய செய்தி. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்ற நீண்ட பெயர்ப் பலகையை யாழ்ப்பாணத்தின் எந்தப் பெரிய ஊரிலும் பார்க்கலாம். அந்தப் பலகைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மதுவிலக்கின் வரலாறும் யாழ்ப்பாணத்தில் ஆழமானது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் அவர்களோடு எல்லாவற்றிலும் மோதிய ஆறுமுக நாவலரும் குடியைக் கண்டிப்பதில் மட்டும் ஒரே பக்கம் நின்றார்கள். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வலியுறுத்திப் பேசினார். இந்த மரபை நான் மதிக்கிறேன். குடியால் அழிந்த வீடுகள் என் ஊரிலும் உண்டு. கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தை வடித்து விற்கிறவனிடம் கூலி முழுவதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிற தகப்பனைப் பார்த்த பிள்ளைகளோடு படித்தவன் நான். தவறணையைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்து அகற்று என்று வீதிக்கு வருகிற பெண்களின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இன்று வீட்டை அழிக்கிற குடி பனையடியிலிருந்து வருவதில்லை. மதிப்போடும் அளவோடும் விற்கப்படுகிற, விலை கூடிய, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எடுக்கிற ஒரு சாராயம் கசிப்புக்கு ஆள் சேர்க்காது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை. அரசே நடத்தும் டாஸ்மாக் கடைகளில் மற்ற மது தாராளம். பனையைத் தன் மாநில மரமாக வைத்திருக்கிற அரசு, அந்தப் பனையில் ஏறுகிறவர் கள் இறக்கினால் அவர் மீது வழக்குப் போடுகிறது. அந்த வழியில் மது குறையவில்லை, பனையேறிகள்தான் குறைந்தார்கள். அது எங்களுக்கு ஒரு பாடமாக இருக்க வேண்டும்.

*

திக்கத்திலிருந்து பருத்தித்துறை வரை கடற்கரை வீதியால் போனோம். இந்தக் கரையில் இன்னொரு கதையும் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். எங்கள் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு அத்திலாந்திக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஸ்கொட்லாந்தின் எந்தத் துறைமுக ஊராவது இப்படி ஒரு கப்பலை வைத்திருந்தால், அதன் பெயரில் பத்து ஆண்டு முதிர்ந்த ஒரு விஸ்கி எப்போதோ வந்திருக்கும்.

வீதியோரத்தில் தலையில்லாத பனைகள் சில இன்னும் நிற்கின்றன. ஷெல் பட்டு வட்டுப் போனவை. பனைக்கு வளர்முளை ஒன்றே ஒன்று. அது போனால் மரம் அப்படியே நின்று சாகும், பக்கத்தில் கிளைக்காது. போரில் இலட்சக்கணக்கான பனைகள் போயின. ஷெல்லில் போனதைவிடப் பங்கருக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டவை அதிகம். எல்லாத் தரப்பும் தறித்தது. அந்தக் குற்றிகளுக்குக் கீழே குந்தியிருந்துதான் நாங்கள் உயிர் தப்பினோம் என்பதும் உண்மை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம், சீனி இல்லாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது, பலருக்கு முதல் கூரை ஒரு பனை வளவு.

பனை காய்க்கவும் பாளை விடவும் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். போர் முடிந்த 2009இல் நட்ட விதைகள் இப்போதுதான் பாளை காட்டும் வயதுக்கு வருகின்றன. விதை நடும்படி ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த மில்க்வைற் கனகராசாவை எங்கள் ஊர்களில் பழையவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். சவர்க்காரத் தொழிற்சாலை நடத்திய ஒருவர் பனை நடுவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார். அவர் காலத்து விதைகள் மரமாகிப் போரில் தறிபட்டும் போயின. தப்பி நிற்பவையும் உண்டு.

பருத்தித்துறையில் சுடச்சுட வடை வாங்கினோம். தட்டையாக, மொறுமொறுவென்று, செத்தல் மிளகாய்க் காரத்தோடு. ஊரின் பெயரோடேயே கொழும்பு வரைக்கும் ரொறன்ரோ வரைக்கும் போயிருக்கிற ஒரே தின்பண்டம் அதுதான். பருத்தித்துறை வடை என்று சொன்னால் எவருக்கும் புரிகிறது. ஒரு வடை செய்ததைச் சாராயம் செய்யவில்லை.

*

அன்று இரவு ஒரு கலியாண வீட்டில் சாப்பாடு. பின்வளவில் மேசை போட்டு, ஆண்கள் சுற்றி இருந்தார்கள். மேசையின் நடுவில் நின்றது விமான நிலையத்தில் வரியில்லாமல் வாங்கிவந்த ஜொனி வோக்கர் பிளக் லேபிள். லண்டன் மாமா கொண்டுவந்தது ஒன்று, கனடாச் சித்தப்பா கொண்டுவந்தது ஒன்று. யாழ்ப்பாணத்தில் மரியாதைக்குரிய விருந்தாளியைக் கவனிக்க அதைத்தான் வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. 1820இல் கில்மார்னொக் என்ற ஊரில் ஜோன் வோக்கர் ஒரு பலசரக்குக் கடை திறந்தார். அந்தக் கடையிலிருந்து வளர்ந்த பெயர் அது. ஊர்க் கதையைச் சொல்லிச் சொல்லி உலகை வென்ற நிறுவனம், 2012இல் கில்மார்னொக் ஆலையை மூடிவிட்டது. எழுநூறு பேர் வரை வேலையிழந்தார்கள். அந்த ஊரார் பல்லாயிரக்கணக்கில் வீதிக்கு வந்து போராடியும் ஆலை மிஞ்சவில்லை. போத்தலில் கதை மட்டும் மிஞ்சியது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரின் வரலாற்றைப் போத்தலில் அச்சடிப்பது எளிது. நாளைக்கே எவராவது நல்லூர் மன்னனின் முடியை வரைந்து, தென்னிலங்கையில் வாங்கிய மதுசாரத்தில் பனை வாசனையைச் சேர்த்து, யாழ்ப்பாணப் பாரம்பரியம் என்று விற்கலாம். அதனால் மரத்தடியில் நான் பார்த்த மனிதருக்கு ஒரு சதமும் வராது. ஆகவே முதலில் வேண்டியது வரையறை. பனஞ்சாராயம் என்றால் முழுவதும் பனங்கள்ளில் வடித்தது. கலப்பு மதுசாரம் கூடாது. கள் இறங்கிய மாவட்டத்திலேயே வடித்திருக்க வேண்டும். மரப் பீப்பாயில் இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும்.

பீப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முதிர வைக்கிறார்கள். ஆங்கிலேயர் வணிகத்தில் திருகோணமலை மரம் என்று அழைத்தது அதைத்தான். எங்கள் கிழக்கில் விளைகிற மரத்தில் தெற்கின் சாராயம் முதிர்கிறது. பத்து ஆண்டு மரத்தில் இருந்த பனஞ்சாராயத்தை நான் இதுவரை எங்கும் குடித்ததில்லை. இளஞ்சாராயத்துக்கே பனங்கட்டியின் கருகல் மணமும் நாக்கின் ஓரத்தில் ஒரு பழப் புளிப்பும் இருக்கின்றன. அது ஆண்டுகளைத் தாங்கும் என்று என் நாக்கு சொல்கிறது. வெப்பநாட்டில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிற பங்கு அதிகம்தான். ஸ்கொட்லாந்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் போகிறது, இங்கே அதைவிடக் கூடப் போகும். அதற்கேற்ப இங்கே முதிர்வும் விரைவு. நான்கைந்து ஆண்டு பொறுத்தால் போதும். அந்தப் பொறுமைக்குக் கூட்டுறவுச் சங்கத்திடம் முதல் இல்லை. போரில் நின்றும் பிறகு தட்டுத்தடுமாறி நடந்தும் வந்த வடிசாலைகள் இன்று வடித்ததை நாளை விற்றால்தான் கள்ளுக்குக் காசு கொடுக்கலாம் என்ற நிலையில் இருந்திருக்கின்றன. முதல் இருப்பது புலம்பெயர்ந்த எங்களிடம்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புவியியல் குறியீட்டுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. 2022இல் அதைத் திருத்திப் பதிவேட்டுக்கும் வழி செய்தார்கள். அதே ஆண்டு சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீடு கிடைத்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் அங்கீகாரம் அது. கறுவாக்காரர் செய்ததைப் பனைக்காரர் செய்ய முடியும்.

ஆகையால் கேட்கிறேன். வடமராட்சியிலும் வலிகாமத்திலும் இருக்கிற பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றாக இருந்து அந்த வரையறையை எழுதட்டும். பனை அபிவிருத்திச் சபை அதைப் பதிவுக்குக் கொண்டுபோகட்டும். போத்தலில் மன்னர் படம் வேண்டாம். எந்தச் சங்கத்தின் கள், எந்த ஊர்ப் பனை, எந்த ஆண்டின் பங்குனி என்று எழுதினால் போதும், அதுவே வரலாறு. புலம்பெயர்ந்தவர்கள் ஒவ்வொரு கலியாணத்துக்கும் கொண்டுபோகிற வரியில்லா விஸ்கியின் காசில் ஒரு பங்கை முதிர வைக்கும் பீப்பாய்களுக்குக் கொடுங்கள். அடுத்தமுறை யாழ்ப்பாணம் போகிறவர்கள் கற்பகம் கடையில் பனங்கட்டிக் குட்டானோடு நின்றுவிடாமல், சங்கத்தின் பனஞ்சாராயம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். கேட்கிற வாய்கள் கூடினால்தான் வடிப்பார்கள். குடிக்காதவர்கள் ஒரு பனம்விதையை நடுங்கள். அது பாளை விட இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது, அதற்குள் சட்டத்தை எழுதி முடித்துவிடலாம்.